புலம்பலும் ரபிகளும்: எய்க்கா ரப்பா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புலம்பல் புத்தகத்துக்கு யூத ரபிகள், அதாவது வேத ஆசிரியர்கள், சொன்ன பழைய விரிவுரையான எய்க்கா ரப்பாவைப் பற்றி (இந்த வகை விரிவுரைக்கு மிட்ராஷ் என்று பெயர்) எங்கே பேச்செடுத்தாலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பைபிள் பெயர்களுக்குத் தமிழ் வேதாகமத்தில் உள்ள எழுத்துக்கூட்டல்தான்.

மிட்ராஷ்னா என்ன? பைபிளுக்கு எழுதின உரைதானே?

உரைதான். ஆனால் பதவுரை, பொழிப்புரை என்று நாம் பள்ளியில் பழகியதை எதிர்பார்த்துப் போனால் தலை சுற்றும். ஒரு வசனத்தில் ஏதோ ஒன்று உறுத்தும், அதைப் பிடித்துக்கொள்வார்கள். வேறொரு புத்தகத்திலிருந்து இன்னொரு வசனத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்கள். நடுவில் "இது எதைப் போல என்றால், ஒரு ராஜா இருந்தான்" என்று கதை தொடங்கிவிடும்.

ஒரு உதாரணம். 79ஆம் சங்கீதம் எருசலேம் பாழானதைச் சொல்கிறது, ஆனால் அதன் தலைப்பு "ஆசாபின் சங்கீதம்". இடிபாட்டைப் பார்த்து எவனாவது பாட்டுப் பாடுவானா, "ஆசாபின் அழுகை" என்றல்லவா இருக்க வேண்டும்? இதுதான் உறுத்தல். பதிலாக வருகிற கதை இது: ஒரு ராஜா தன் மகனுக்குக் கல்யாண மண்டபம் கட்டிப் பூசி அலங்கரித்தான், மகன் அவனைக் கோபமூட்டினான், ராஜா உள்ளே போய்த் திரைகளைக் கிழித்து, நாணல்களை ஒடித்துப் போட்டான். மகனைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியன் ஒடிந்த நாணல் ஒன்றை எடுத்துக் குழல் செய்து ஊதிக்கொண்டிருந்தான். "மண்டபமே போச்சு, நீ குழல் ஊதுகிறாயா?" என்று கேட்டார்கள். "கோபத்தை மண்டபத்தின் மேல் காட்டினாரே, மகன் மேல் காட்டவில்லையே, அதற்காக ஊதுகிறேன்" என்றான். ஆசாபும் அப்படித்தான், கோபம் மரத்தின் மேலும் கல்லின் மேலும் போய்விட்டது, ஜனம் பிழைத்தது என்று பாடினானாம்.

எய்க்கா ரப்பாவை யார் எழுதினது? எந்தக் காலம்?

ஒருவர் எழுதியதில்லை. பல தலைமுறை ரபிகள் ஜெப ஆலயங்களிலும் படிப்பு மண்டபங்களிலும் சொன்னவற்றின் தொகுப்பு. இஸ்ரவேல் தேசத்தில், பெரும்பாலும் கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவானது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. எபிரெயுவும் கலிலேயாவின் அரமேயமும் கலந்த நடை, ஊடே கிரேக்கச் சொற்களும் நிறைய. புலம்பலின் எபிரெயுப் பெயர் எய்க்கா, அதனால் இந்த விரிவுரை எய்க்கா ரப்பா. சாலமோன் பூபர் 1899இல் வில்னாவில் கையெழுத்துப் பிரதிகளை வைத்து ஒரு பதிப்பு கொண்டுவந்தார். வழக்கமான அச்சுப் பதிப்புகளுக்கும் அதற்கும் வாசகங்களில் நிறைய வேறுபாடு உண்டு, பிரிவு எண்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் நான் எண்களை நம்பாமல் கதைகளைச் சொல்லியே அடையாளம் காட்டுகிறேன்.

புலம்பல் பாபிலோன்காரன் எருசலேமை இடிச்சதைப் பத்தினது. இதுக்குள்ள ரோமாக்காரன் எப்படி வந்தான்?

நேபுகாத்நேச்சார் முதல் ஆலயத்தை இடித்தது கி.மு. 586இல். ரபிகளின் மனதில் இருந்தது அதற்குப் பிறகு வந்த இரண்டு அடிகள்: கி.பி. 70இல் தீத்து இரண்டாம் ஆலயத்தை எரித்தது, ரோமருக்கு எதிராக 132இல் தொடங்கிய பார் கோக்பா கலகம் 135இல் பேத்தார் கோட்டை விழுந்ததோடு முடிந்தது. இந்த இரண்டுக்கும் வேதத்தில் தனிப் புலம்பல் கிடையாது. இருக்கிற ஒரே புலம்பலுக்குள்தான் எல்லாவற்றையும் அழுதார்கள். ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே, யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 9ஆம் தேதிக்கு ஐந்து துக்கங்களைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறது: வனாந்தரத்தில் இருந்த தலைமுறை தேசத்துக்குள் போகக்கூடாது என்ற தீர்ப்பு, இரண்டு ஆலயங்களின் இடிவு, பேத்தாரின் வீழ்ச்சி, நகரத்தை ஏர் பூட்டி உழுதது. அந்தக் கலகத்தை அடக்கிய ரோமப் பேரரசன் அட்ரியான் பெயர் வரும்போது "அவன் எலும்பு நொறுங்கட்டும்" என்று சாபமும் கூடவே வருகிறது, மறைத்துப் பேசுவதெல்லாம் இல்லை.

இதில் ஒரு குறிப்பு என்னை எப்போதும் நிறுத்திவிடும். "ஆண்டவர் விழுங்கினார்" என்று புலம்பல் 2ஆம் அதிகாரத்தில் வரும் வசனத்துக்கு ரபி யோஹனான் 60 விளக்கம் சொல்வாராம். அவருக்கு முந்தைய தலைமுறைப் பெரியவரான ரபி யூதா ஹநாசி 24தான் சொல்வார். பிந்தியவருக்கு ஏன் அதிகம் என்று கேட்டு நூலே பதிலும் சொல்கிறது. யூதா ஹநாசி இடிவுக்குக் காலத்தால் நெருங்கியவர், நினைவு வந்து அழுகை முட்டிவிடும், அதற்குமேல் பேச்சு ஓடாது.

முன்னுரையே முப்பத்து சொச்சம் இருக்கே, எதுக்கு?

பெத்திக்தா என்று பெயர். ஒவ்வொன்றும் எங்கேயோ தூரத்து வசனம் ஒன்றில் தொடங்கிச் சுற்றி வளைத்துப் புலம்பலின் முதல் வசனத்தில் வந்து இறங்கும், பிரசங்கம் செய்பவரின் சாமர்த்தியம் அதில்தான். மரபுக் கணக்கு 36. எய்க்கா என்ற சொல்லின் நான்கு எழுத்துகளுக்கும் எபிரெயு எண் மதிப்பு 1, 10, 20, 5. கூட்டினால் 36. அவ்வளவுதான், இதற்குமேல் ரகசியம் தேட வேண்டாம்.

எல்லாம் பாவத்துக்குத் தண்டனைன்னு முடிச்சிடறாங்களா?

அப்படிச் சொல்கிற பகுதிகள் ஏராளம், மறைப்பதற்கில்லை. புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய அகரவரிசையில் போகின்றன. ஏன் என்றால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தோராவை, அதாவது மோசேயின் வேதத்தை, மீறினார்களாம், அதனால் புலம்பலும் முதலிலிருந்து கடைசிவரை. 2, 3, 4ஆம் அதிகாரங்களில் "பே" எழுத்து "அயின்" எழுத்துக்கு முன்னால் வந்து வரிசை தவறுகிறது. பே என்றால் வாய், அயின் என்றால் கண். கண் பார்க்காததை வாய் பேசியதே, அதற்காக இப்படி ஆயிற்று என்று அதற்கும் ஒரு விளக்கம்.

ஆனால் எந்தப் பாவம் என்று கேட்டால் பதில் ஒரே மாதிரி இல்லை. ஒரு முன்னுரையில், விக்கிரக வணக்கத்தையும் விபசாரத்தையும் கொலையையும்கூடக் கடவுள் பொறுத்துக்கொண்டார், தோராவைத் தள்ளியதைத்தான் பொறுக்கவில்லை என்று வருகிறது. அதன் தொடர்ச்சியாகக் கடவுள் வாயில் ஒரு பேச்சு: "என்னை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, என் தோராவை மட்டும் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாமே, அதிலுள்ள வெளிச்சம் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கும்." தன்னை மறந்தாலும் படிப்பை மறக்காதே என்று கடவுளே சொல்வதாக எழுத ஒரு தைரியம் வேண்டும்.

விருந்துக்கு ஆள் மாறி வந்ததால எருசலேம் அழிஞ்சதுன்னு ஒரு கதை கேட்டேன். அதுவும் இதுலதானா?

இதிலும் உண்டு, ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பெருநூலான பாபிலோன் தல்மூதின் கித்தீன் பகுதியிலும் உண்டு. ஒரு பணக்காரன் விருந்து வைக்கிறான். நண்பன் கம்சாவைக் கூட்டிவரச் சொன்னால் வேலைக்காரன் பகையாளி பார் கம்சாவைக் கூட்டிவந்துவிடுகிறான். வந்தவன் கெஞ்சுகிறான்: "வந்தது வந்துவிட்டேன், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தாதே, சாப்பாட்டுச் செலவைத் தருகிறேன்." முடியாது. "மொத்த விருந்துச் செலவையும் தருகிறேன்." அதற்கும் முடியாது, எழுந்திரு, வெளியே போ. அங்கே ரபிகள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் நேராகப் போய் ரோம அதிகாரத்திடம் கோள் மூட்டுகிறான்.

இரண்டு நூல்களிலும் சகரியா பென் அவ்கோலஸ் என்ற ரபி மேல் பழி விழுகிறது, ஆனால் வேறு வேறு காரணத்துக்கு. தல்மூதில், பேரரசன் அனுப்பிய பலி மிருகத்தில் பார் கம்சா ஊனம் உண்டாக்கிவிடுகிறான். சமாதானத்துக்காக அதைப் பலியிட்டுவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, "ஊனமானதைப் பலியிடலாம் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள்" என்று இவர் தடுக்கிறார். எய்க்கா ரப்பாவில் அவர் விருந்திலேயே இருந்தவர், கண்டிக்கக்கூடிய இடத்தில் இருந்தும் பேசாமல் இருந்தவர். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறைக்கிறது. முன் பதிலில் சொன்ன "பாவம்" என்ற பெரிய சொல் இங்கே ஒரு பந்தியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரிய மனிதர்களாகச் சுருங்கிவிடுகிறது.

கடவுள் அழுதார்னு எழுதியிருக்காமே? கடவுள் அழுவாரா?

24ஆம் முன்னுரையில் இருக்கிறது. முன்னுரைகளில் மிக நீளமானவற்றில் ஒன்று, மிகத் துணிச்சலானதும் அதுதான். ஆலயம் எரிந்த பிறகு கடவுள் அழுகிறார். தேவதூதன் மெத்தத்ரோன் விழுந்து பணிந்து, "ஆண்டவரே, நான் அழுகிறேன், நீர் அழ வேண்டாம்" என்கிறான். கடவுள் சொல்கிறார்: "நீ என்னை அழ விடாவிட்டால், உனக்கு நுழைய அனுமதியில்லாத இடத்துக்குப் போய் அழுவேன்." ஆதாரம் எரேமியா 13:17, மறைவிடங்களில் என் ஆத்துமா அழும் என்ற வசனம். பிறகு எரேமியாவிடம், "ஒரே மகனுக்குக் கல்யாணப் பந்தல் போட்டு, அவன் அந்தப் பந்தலிலேயே செத்துப்போனால் எப்படியோ அப்படி இருக்கிறேன். போய் ஆபிரகாமையும் ஈசாக்கையும் யாக்கோபையும் மோசேயையும் கல்லறையிலிருந்து எழுப்பு, அவர்களுக்குத்தான் அழத் தெரியும்" என்கிறார்.

இதை அப்படியே இறையியல் கொள்கையாக எடுத்துக்கொள்வதா என்று யூதர்களுக்குள்ளேயே பிற்காலத்தில் கூச்சம் இருந்தது. கடவுளுக்கு உடலோ உணர்ச்சியோ கிடையாது என்ற தத்துவ மரபு இடைக்காலத்தில் வலுவாக வளர்ந்தது. ஆனால் இந்த ரபிகளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. முதல் வசனத்துக்கான உரையிலேயே, ஒரு மனித ராஜா துக்கத்தில் என்னென்ன செய்வான், வாசலில் இரட்டுத் தொங்கவிடுவான், விளக்கணைப்பான், உடையைக் கிழிப்பான், வெறுங்காலோடு நடப்பான், பேசாமல் உட்காருவான் என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் கடவுளும் செய்தார் என்று ஒவ்வொரு வசனம் காட்டிக்கொண்டே போகிறார்கள்.

ராகேல் கடவுளோட வாதாடினதா பைபிள்ல எங்க இருக்கு? நான் படிச்சதில்லையே.

இல்லை, அதனால்தான் நீங்கள் படித்ததில்லை. இருப்பது எரேமியா 31:15, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்ற வசனம். பெத்லெகேம் குழந்தைகள் கொலைக்கு மத்தேயு மேற்கோள் காட்டுவதால் கிறிஸ்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வசனம்தான். அந்த ஒரு வசனத்திலிருந்து ரபிகள் கட்டியது இந்தக் காட்சி, அதே 24ஆம் முன்னுரையில்.

ஆபிரகாம் மகனைப் பலியிடத் துணிந்ததைச் சொல்லி மன்றாடுகிறார். ஈசாக்கு தான் கட்டுண்டு கிடந்ததைச் சொல்கிறார், யாக்கோபு லாபான் வீட்டில் 20 வருடம் உழைத்ததை, மோசே மேய்ப்பனாக அலைந்ததை. ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்போது ராகேல் எழுந்து வருகிறாள். "யாக்கோபு எனக்காக ஏழு வருடம் வேலை செய்தார். கல்யாண நாள் வந்தபோது என் அப்பா என் அக்காவை மாற்றி வைக்கப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது, யாக்கோபிடம் சொல்லி, இன்னார் என்று அவர் கண்டுகொள்ள அடையாளமும் பேசிவைத்தேன். பிறகு அக்கா அவமானப்படுவாளே என்று மனம் கேட்கவில்லை. ஆசையை அடக்கிக்கொண்டு அந்த அடையாளங்களையெல்லாம் அவளுக்கே சொல்லிக்கொடுத்தேன். அதுமட்டுமா, அவர்கள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் பேசும்போது அவள் பேசாதிருந்தாள், குரலை அவர் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். மண்ணும் சாம்பலுமான நானே என் சக்களத்தி மேல் பொறாமைப்படவில்லை. என்றும் வாழும் இரக்கமுள்ள ராஜாவாகிய நீர், ஒன்றுமில்லாத விக்கிரகங்கள் மேல் பொறாமைப்பட்டு என் பிள்ளைகளைத் துரத்திவிட்டீரே!"

உடனே கடவுளின் மனம் இளகி, "உனக்காக இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவருவேன்" என்கிறார். கவனியுங்கள், முற்பிதாக்கள் தங்கள் தியாகத்தைக் காட்டிக் கூலி கேட்டார்கள். இவள் மட்டும்தான் கடவுளைத் தன்னோடு ஒப்பிட்டு, "நான் செய்ததை நீர் ஏன் செய்யவில்லை?" என்று கேட்கிறாள். வழக்கு அங்கே ஜெயித்தது.

இப்படிக் கடவுளையே கேள்வி கேக்கறது பாவமில்லையா?

அவர்கள் பாவம் என்று நினைத்திருந்தால் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். அதே காட்சியில் இஸ்ரவேலுக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தோராவே வருகிறாள். "மகளே, எல்லா ஜாதிகளும் உன்னை வேண்டாம் என்றபோது என் பிள்ளைகள்தானே உன்னை ஏற்றுக்கொண்டார்கள், இன்று அவர்களுக்கு எதிராகவா சாட்சி சொல்வாய்?" என்று ஆபிரகாம் கேட்டதும் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறாள். அரசுத் தரப்பு சாட்சியே பின்வாங்கிய வழக்கு.

இதைவிடக் கடுமையானது மிரியாம் பத் தன்ஹூமின் கதை. விக்கிரகத்தை வணங்க மறுத்ததால் ஒரே நாளில் ஏழு மகன்களையும் பறிகொடுத்த தாய். கடைசி மகனிடம் சொல்லி அனுப்புகிறாள்: "உன் தகப்பன் ஆபிரகாமிடம் போய்ச் சொல், பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். நீர் ஒரு பலிபீடம் கட்டினீர், நான் ஏழு கட்டினேன். உமக்கு நடந்தது சோதனை, எனக்கு நிஜமாகவே நடந்தது." பிறகு அவள் புத்தி பேதலித்துக் கூரையிலிருந்து விழுந்து செத்துப்போகிறாள். "பிள்ளைகளின் சந்தோஷமான தாய்" என்ற சங்கீத வசனத்தை ஒரு வானத்துக் குரல் சொன்னாலும், கதை முடிவது "இவற்றுக்காக நான் அழுகிறேன்" என்ற புலம்பல் வசனத்தோடுதான்.

ஜனங்க சிறையிருப்புக்குப் போனப்போ கடவுள் எங்க இருந்தார்?

கூடவே போனார் என்பது பதில். ஷெக்கீனா என்றால் கடவுளின் சமுகம், பிரசன்னம். ஆலோசனைச் சங்கத்தார் சிறைப்பட்டுப் போனபோது ஷெக்கீனா போகவில்லை, ஆசாரிய முறைக்காரர்கள் போனபோதும் போகவில்லை, சிறு பிள்ளைகள் போனபோது அவர்களோடு எழுந்து போயிற்று என்று புலம்பல் 1:5-6 வசனங்களை வைத்துச் சொல்கிறார்கள்.

புறப்படுவதும் லேசில் நடக்கவில்லை. பத்துக் கட்டமாக ஷெக்கீனா ஆலயத்தை விட்டு விலகியது. அரண்மனையைவிட்டுக் கோபமாக வெளியேறிய ராஜா திரும்பத் திரும்ப உள்ளே வந்து சுவர்களையும் தூண்களையும் கட்டிப்பிடித்து முத்தமிட்டு விடைபெறுவதுபோல என்று ஒரு ஒப்புமை. பிறகு ஒலிவ மலையில் மூன்றரை வருடம் உட்கார்ந்து, ஜனம் மனந்திரும்புமா என்று பார்த்துக்கொண்டிருந்ததாம்.

துக்க நூல்னு சொல்றீங்க, ஆனா நடுவுல விடுகதையும் ஜோக்கும் இருக்கே?

முதல் வசனத்துக்கான உரையில், எருசலேம்காரர்கள் ஆதேன்ஸ் பட்டணத்தாரை மட்டம்தட்டும் கதைகள் வரிசையாக வருகின்றன. ஆதேன்ஸ்காரன் ஒருவன் எருசலேமில் ஒரு சிறுவனிடம் காசு கொடுத்து முட்டையும் பாலாடைக்கட்டியும் வாங்கிவரச் சொல்கிறான். வந்ததும், "இதில் எது வெள்ளை ஆட்டுப் பாலில் செய்தது, எது கறுப்பு ஆட்டுப் பாலில் செய்தது?" என்று மடக்கப் பார்க்கிறான். "நீர் பெரியவர், எந்த முட்டை வெள்ளைக் கோழி போட்டது, எது கறுப்புக் கோழி போட்டது என்று முதலில் நீர் சொல்லும்" என்கிறான் பையன். இன்னொருவன் தையல்காரனிடம் உடைந்த உரலைக் காட்டித் தைத்துத் தரச் சொல்ல, அவன் ஒரு பிடி மணலை நீட்டி, "இதில் நூல் திரித்துத் தாரும், தைத்துத் தருகிறேன்" என்கிறான்.

அந்த வசனம் நகரத்தை "ஜாதிகளில் பெரியவள்" என்கிறது, எதில் பெரியவள் என்றால் அறிவில், அதற்குத்தான் இந்தக் கதைகள். என் கணிப்பு இன்னொன்றும் உண்டு: தோற்றுப்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஊர்ப் பொடியன்கூட உங்கள் ஞானியைவிடக் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு திருப்தி இருந்திருக்கும். சாவு வீட்டில் செத்தவரின் குறும்புகளைப் பேசிச் சிரிப்பதில்லையா, அந்த ரகம்.

ரபி அகிவா இடிஞ்ச ஆலயத்தைப் பார்த்துச் சிரிச்சாராம். என்ன மனுஷன் அவர்?

நான்கு ரபிகள் ஆலய மலைக்கு வருகிறார்கள். மகா பரிசுத்த ஸ்தலம் இருந்த இடத்திலிருந்து ஒரு நரி ஓடிவருகிறது. மூன்று பேர் அழுகிறார்கள், அகிவா சிரிக்கிறார். அவர் சொன்ன காரணம் முழுக்க வசனக் கணக்கு. ஏசாயா 8:2 உரியாவையும் சகரியாவையும் இரண்டு சாட்சிகளாகச் சேர்த்துச் சொல்கிறது. உரியாவின் காலத்துத் தீர்க்கதரிசனம், சீயோன் வயலைப்போல உழப்படும் என்பது. சகரியாவினுடையது, கிழவர்களும் கிழவிகளும் மறுபடி எருசலேமின் வீதிகளில் உட்காருவார்கள் என்பது. முதலாவது நடக்காதவரை இரண்டாவது நடக்குமோ என்று பயந்தேன், முதலாவது கண்ணெதிரே நடந்துவிட்டது, இனி இரண்டாவதும் நிச்சயம் என்றார். "அகிவா, எங்களைத் தேற்றினாய்" என்றார்கள் மற்றவர்கள். தல்மூதிலும் வரும் இந்தக் கதையை அங்கே வைத்தால் ஒரு ருசி, இங்கே நரிகளைப் பற்றிய புலம்பல் 5:18க்குக் கீழே வைத்துப் படித்தால் வேறு ருசி.

ஜனத்துக்குச் சரி, தனி மனுஷன் கஷ்டத்துக்கு என்ன சொல்றாங்க?

அதற்குத் தல்மூதின் பெராகோத் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே "அன்பின் உபத்திரவங்கள்" என்று ஒரு கருத்து வருகிறது: பாவமும் காரணமில்லை, படிப்பை விட்டதும் காரணமில்லை என்றால், கடவுள் நேசிப்பதால் வந்த துன்பம் என்று எடுத்துக்கொள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்து வருகிற கதைகள் அதன் காற்றைப் பிடுங்கிவிடுகின்றன. ஹிய்யா பார் அப்பா நோயாய்க் கிடக்க, ரபி யோஹனான் பார்க்கப் போய், "இந்த உபத்திரவம் உனக்குப் பிரியமா?" என்று கேட்கிறார். "இதுவும் வேண்டாம், இதன் பலனும் வேண்டாம்." "கையைக் கொடு." கொடுத்ததும் தூக்கி எழுப்பிவிடுகிறார். யோஹனானே நோயில் விழுந்தபோது ஹனீனா வந்து அதே கேள்வி கேட்க, அதே பதில். மற்றவரைத் தூக்கியவர் தன்னைத் தூக்கிக்கொள்ளக் கூடாதா? கைதி தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது என்கிறது தல்மூத்.

பாவம், கோள், அன்பின் உபத்திரவம், கடவுளும் கூட வந்தார்... ஒரே கேள்விக்கு இத்தனை பதில்னா எதைத்தான் நம்பறது?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது, என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. தொகுத்தவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைக்கிறேன். தண்டனை நியாயம் என்று சொல்லும் பத்திக்கு அடுத்த பத்தியில் நீதிபதியே அழுகிறார். இரண்டில் ஒன்றை நீக்கினால் நூல் சீராகிவிடும், ஆனால் துக்கத்தில் இருப்பவனுக்கு உதவாது. ஒரு நாள் "என் தப்புதான்" என்று தோன்றும், மறுநாள் "இது அநியாயம்" என்று தோன்றும், இரண்டு நாளுக்கும் இதில் பக்கம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பாவத்தால்தான் எல்லாம் என்ற பகுதிகள், ரபிகள் தங்கள் ஜனத்தைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டவை. அதை வெளியிலிருந்து எடுத்து "பாருங்கள், அவர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்று யூதர்களுக்கு எதிராகப் பேசுவது பழைய அயோக்கியத்தனம். அதற்கு இந்த நூலைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

இப்பவும் படிக்கிறாங்களா?

புலம்பலை ஆண்டுதோறும் திஷா பெஆவ் அன்று, அதாவது மேலே சொன்ன ஆப் மாதம் 9இல், ஜெப ஆலயங்களில் வாசிக்கிறார்கள். விளக்கைக் குறைத்து, தரையிலோ தாழ்ந்த ஆசனத்திலோ உட்கார்ந்து, ஏறக்குறைய 25 மணி நேர உபவாசத்தோடு. எய்க்கா ரப்பாவின் கதைகளும் அன்று படிக்கப்படுகின்றன. வழக்கமான தோரா படிப்பு அன்று கூடாது, துக்கம் சார்ந்தவற்றுக்கு மட்டும் அனுமதி. புலம்பலின் கடைசி வசனம் கடவுளின் கோபத்தோடு முடிவதால், அதற்கு முந்தைய "எங்களைத் திருப்பும், அப்பொழுது திரும்புவோம்" என்ற பொருளுள்ள வசனத்தை மறுபடி ஒருமுறை சொல்லி முடிப்பார்கள். அந்த வசனத்துக்கு எய்க்கா ரப்பாவில் ஒரு சின்னச் சண்டை இருக்கிறது: "திருப்புவது உம் பொறுப்பு" என்கிறது ஜனம், "முதலில் நீங்கள் திரும்புங்கள்" என்று தீர்க்கதரிசி மல்கியாவின் வசனத்தைக் காட்டுகிறார் கடவுள்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

முதல் பக்கத்திலிருந்து வேண்டாம், முன்னுரைகளிலேயே மூச்சு வாங்கிவிடும். தமிழ் வேதாகமத்தில் புலம்பலின் ஐந்து அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. அப்புறம் 24ஆம் முன்னுரை. ஆங்கிலம் படிப்பவர்கள் என்றால் 1939இல் வந்த சொன்சினோ மொழிபெயர்ப்பு இருக்கிறது, செஃபாரியா தளத்தில் மூலமும் இலவசமாகக் கிடைக்கிறது. மிரியாம் பத் தன்ஹூம் கதையை மட்டும் இரவு தூங்கப் போகும் நேரத்தில் எடுக்காதீர்கள்.